பதர் என்று ஒதுக்கிய டப்பா

எங்கள் குத்தாலம் பக்கத்தில் விதைநெல்லை எப்படிப் பொறுக்குவது என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். தண்ணீரில் உப்பைக் கரைத்து முட்டையைப் போட வேண்டும். முட்டை மிதந்து நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்தால் கரைசல் சரி. அப்புறம் நெல்லைக் கொட்டினால் கனமானது அடியில் தங்கும், பதர் மேலே வரும். கனம்தான் நல்லது. இந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு துப்பாக்கி சுடப் போன புத்திசாலி நான்.

தஞ்சாவூரில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் மூன்று வருடமாக உறுப்பினர். என் கையில் ஏர் ரைஃபிள், ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு காகித வட்டம். வெளியூர்ப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் காலி. அது எனக்குத்தான் என்று டீக்கடையில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தேன். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். மூன்றாவது முறையும் விட்டால் அந்தக் கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஈயக் குண்டுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் எடையில் துளித்துளி மாறும். எடை பார்த்துப் பிரித்தால் குறி தப்பாது என்று இணையத்தில் படித்தேன். முழுக்கப் படித்தேனா என்று கேட்காதீர்கள். கும்பகோணம் போய், நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி சின்னத் தராசு ஒன்று வாங்கிவந்தேன். என்னிடம் இருந்த நான்கு டப்பாக் குண்டுகளையும் மனைவியின் டீ வடிகட்டியில் போட்டு, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன்.

“ஈயத்தப் போட்டு அலசிட்டீங்கல்ல, இனிமே அது உங்க குண்டுக்கே இருக்கட்டும். எனக்குப் புதுசு வாங்கிட்டு வாங்க,” என்றாள்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். மூன்று டப்பாவிலிருந்து கனமானவற்றை எல்லாம் பொறுக்கி ஒரே டப்பாவில் சேர்த்தேன். கொஞ்சம் கனம், ரொம்பக் கனம், எல்லாம் உள்ளே. நான்காவது டப்பாதான் ஏமாற்றிவிட்டது. அத்தனை குண்டும் ஒரே எடை, அத்தனையும் லேசு. மொத்தமும் பதர் என்று மனைவியிடம் தள்ளிவிட்டேன். கிளப்பில் எனக்காகக் காத்திருந்து அலுத்துப்போய், ஆறு மாதமாக அவளும் என் துப்பாக்கியிலேயே சுடப் பழகியிருந்தாள்.

“இந்தா, இத வச்சுப் பழகிக்க. பதருதான்.”

“எனக்கென்ன, ஓட்டை விழுந்தா சரி.”

தேர்வு நாளில் ஆள் குறைவென்று அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். முதலில் நான் சுட்டேன். பத்து ஓட்டைகள், கோழி கிளறிய களம் மாதிரி. காற்றைத் திட்டினேன், காலையில் குடித்த காபியைக்கூடத் திட்டினேன். பிறகு அதே துப்பாக்கியை வாங்கி அவள் படுத்துச் சுட்டாள். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின.

பயிற்சியாளர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், என் டப்பாவை வாங்கிப் பார்த்து, எப்படிப் பொறுக்கினேன் என்று விசாரித்தார். உப்புத் தண்ணீர்க் கதை வரைக்கும் சொன்னேன்.

“சார், இது நாத்தங்கால்ல போடுற விதை இல்ல. கனமோ லேசோ, எல்லாம் ஒரே எடையா இருக்கணும், அவ்வளவுதான். மூணு டப்பாவக் கலந்து கட்டியிருக்கீங்க. நல்லத உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துட்டீங்க.”

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர சந்தோஷம். தோற்றது குண்டு, நான் இல்லை. மனைவிக்கு அது முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“இவருக்கு இன்னொரு சுத்து குடுங்க சார். என் குண்டுலேயே சுடட்டும்,” என்றாள்.

அவர் ஒத்துக்கொண்டார். அவளுடைய டப்பாவிலிருந்து பத்து எண்ணிக் கொடுத்தாள். படுத்தேன், மூச்சை அடக்கினேன், சுட்டேன். கோழி கிளறியது கொஞ்சம் குறைந்திருந்தது. நாணயத்துக்குள் விழுந்தவை நான்கு. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் டீக்கடையில் கால் வைத்ததுமே கேட்டார்கள்.

“என்னங்க, எடம் கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சு. எங்க வீட்டுக்குத்தான்,” என்றேன்.

ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். யாருக்குக் கிடைத்தது என்பதை இரண்டாவது டீ முடிகிறவரை நான் சொல்லவில்லை.