உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த அலுமினிய மூடி

பிரான்சில் நான் இருக்கும் சிற்றூரில், நகராட்சிப் பூங்காக்களைப் பராமரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. புல்வெட்டும் இயந்திரம், மண்வெட்டி, உரமூட்டை எல்லாவற்றையும் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். வண்டியின் பின்தொட்டிக்கு மேல் அலுமினிய மூடி ஒன்று பொருத்தியிருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறதென்று இத்தனை வருடங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாயங்காலம், வீட்டுக்குப் புறப்படுமுன் மேற்பார்வையாளரிடம் மூடியின் பின்கதவைத் திறந்து காட்டினேன். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன காலத்தில், வாசலில் பையைத் திறந்து காட்டாமல் வெளியே வந்த நாள் கிடையாது, அந்தப் பழக்கம். மனிதர் முகம் சிவந்துபோய், "மதாம், உங்களைத் திருடி என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அப்படி ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் அவர் நம்பினார். மறுநாள் எங்கள் பிரிவில் இருந்த எல்லோரையும் கூட்டி, பணியிடத்தில் மரியாதை என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். அதன்பிறகு நான் எதையும் திறந்து காட்டுவதில்லை.

புதுச்சேரியில் என் தம்பி சவரிக்கு அதேபோல ஒரு மூடி செய்து கொடுக்கப் போய், நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். சவரி உப்பளம் பகுதியில் மைக்செட் வைத்திருக்கிறான். மாதா கோயில் கொடியேற்றம், அம்மன் கோயில் கூழ் ஊற்றுவது, கல்யாணம், சாவு என்று சுற்றுவட்டாரமெல்லாம் அவனுடைய ஒலிபெருக்கிகள் போகும். போன மழைக்காலத்தில் அவனுடைய பிக்கப் வண்டியில் கட்டியிருந்த தார்ப்பாயைக் காற்று கிழித்துவிட, ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய பெட்டிகளும் நனைந்து பாழாயின. ஃபோனில் அதைச் சொன்னான். நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், என் வண்டியில் இருப்பதுபோல உனக்கும் ஒன்று போட்டுவிடலாம் என்றேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனோ, "எதுக்குக்கா திடீர்னு?" என்று கேட்டான். அக்கா தம்பிக்குச் செய்வதற்குக் காரணம் கேட்கிறானே என்று அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாக நின்றுவிட்டது.

சவரியின் மனைவி இறந்து நாலைந்து வருடமாகிறது. ஒரே மகள் ஜோஸ்லின், கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளை என்னிடம் அனுப்பு, அங்கே படிக்கட்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் ஆகட்டும் பார்க்கலாம் என்பதோடு விட்டுவிடுவான். இந்தமுறை வந்ததும் முதல்வேலையாக, லாஸ்பேட்டையில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டேன். அவளும் மறுக்காமல் போய்வந்தாள்.

மூடியைத் தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. ஃபைபரில் செய்தது பார்க்க அழகாக இருந்தாலும், மேலே குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டினால் விரிசல் விடும். இரும்பு என்றால் கனம், நம் கடற்காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியம்தான் சரி. ஆனால் ஆயத்தமாகக் கிடைத்ததெல்லாம் வேறு அளவு வண்டிகளுக்கானது. கடைசியில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பாடி கட்டும் குணா என்பவரிடம் போனோம். இந்த மூடியைத் தொப்பி என்ற பொருளில் 'கேப்' என்று சொல்லும் அமெரிக்கர்களின் வீடியோக்களை இணையத்தில் பார்த்துவிட்டுப் போயிருந்த நான், "பின்னாடி ஒரு கேப் போடணும்" என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, "எவ்ளோ கேப் வுடணும்?" என்று கேட்டார். இடைவெளி இல்லாமல் இருக்கத்தான் கேப் என்று நான் விளக்க, இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்று அவர் குழம்ப, ஃபோனில் படத்தைக் காட்டிய பிறகுதான் தெளிந்தது. "மூடின்னு சொல்லுங்க" என்றார்.

அவரிடம் பிள்ளைச்சாவடி மீன் வியாபாரி ஒருவரின் வண்டி பழுதுக்கு நின்றிருந்தது. அலுமினியத் தகட்டில் இரும்பு ரிவெட் அடித்திருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் மூடிக்கு அலுமினிய ரிவெட்தான் என்று முடிவு செய்தேன். தொட்டியின் விளிம்பில் துளை போடாமல் கிளாம்பு வைத்து இறுக்க வேண்டும், மழைநீர் இறங்காமலிருக்க விளிம்பு முழுக்க ரப்பர் பீடிங், ஓட்டுநர் அறையைவிட ஒரு சாண் கூடுதல் உயரம், மேலே குழாய்களைக் கட்டச் சட்டம், வெயிலின் சூடு இறங்காமல் கூரைக்கு உள்பக்கம் தெர்மோகோல். இதுவரைக்கும் மூன்று பேருமே ஒத்துப்போனோம். அப்புறம் சவரி தனக்கு வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்தான். பக்கத்தில் கண்ணாடி கூடாது. தரையில் பலகை அடித்து, அதற்குக் கீழே ஒரு கை நுழையும் அளவு காலியிடம் வேண்டும். இரண்டு பக்கமும் காற்றுக்குச் சல்லடை, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியக் கூடாது. கடைசியாக, பின்கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

குணா அளவு நாடாவைச் சுருட்டி வைத்தார். சவரி டீ சொல்லப் போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில், "அம்மா, நீங்க வெளியூரு. உங்களுக்குத் தெரியாது. தரைக்கு அடியில எடம் வுட்டு யாராச்சும் கேட்டா நாங்க செய்யறதில்ல. நாளைக்கு அவங்க மாட்டுனா, பாடி கட்டுனவன் யாருன்னு இங்கதான் வந்து நிப்பாங்க" என்றார்.

வெளியூர் என்று அவர் சொன்னது ஒருபுறம் சுட்டது. எனக்கா தெரியாது? சின்ன வயதில் கடலூர்ப் பேருந்தில் போகும்போதெல்லாம், எல்லையில் போலீஸ்காரர் ஏறிச் சீட்டுக்கு அடியில் தடியால் தட்டிப் பார்ப்பார். இங்கே சரக்கு விலை குறைவு, அந்தப் பக்கம் கூடுதல். நடுவில் ஒரு கோடு. காய்கறி மூட்டைக்குள் பாட்டில் போனதும், காஸ் சிலிண்டரை அறுத்து அதற்குள் போனதும் நாங்கள் கேட்டு வளர்ந்த கதைகள். சவரியின் வண்டி வாரம் தவறாமல் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகிறது. குணாவிடம் கேபிள் வைக்கத்தான் அந்த இடம், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

மூடி தயாராகி வந்தது. வெயிலில் பார்க்கக் கண் கூசியது. தெருவில் போகிறவர்கள் நின்று தட்டிப் பார்த்தார்கள், உள்ளே என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், "பிரான்ஸ்லேருந்து சாமான் எறக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சவரி சந்தைக்குப் போன ஒரு காலையில் நான் உள்ளே ஏறித் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கேபிள் சுருள்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன; ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கேபிளுக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்? ஓரத்தில் ஒரு மெல்லிய பாயும் சுருட்டி வைத்திருந்தது. யார் படுக்க? ஜோஸ்லினும் அப்பாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்து, நான் நுழைந்ததும் மழையைப் பற்றிப் பேச்சை மாற்றுவதை இரண்டு மூன்று முறை கவனித்தேன். நாங்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் திருவிழா. உதவியாட்கள் முன்னதாகவே பந்தலுக்குப் போய்விட்டார்கள். ஜோஸ்லின் வகுப்புக்குப் போகிறேன், அப்படியே தோழி வீட்டில் தங்கிவிடுகிறேன் என்று மத்தியானமே கிளம்பினாள். சவரி வண்டியை எடுக்கும் நேரம் பார்த்து நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் முகம் வெளிறியது. தூசி, சத்தம், உனக்கு ஒத்துக்காது என்று என்னென்னவோ சொன்னான். நான் இறங்கவில்லை. வழியெல்லாம் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்ப்பதும், பள்ளம் வந்தால் வண்டியை மெல்ல உருட்டுவதுமாக வந்தான். கண்ணாடிப் புட்டிகளை ஏற்றியவன்தான் இப்படி ஓட்டுவான் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது.

எல்லைச் சோதனைச்சாவடியில் கை காட்டி நிறுத்தினார்கள். புது அலுமினியம் அவர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? காவலர் ஒருவர் மூடியைச் சுற்றி வந்தார். தொட்டியின் அடியில் தடியால் தட்டினார். உள்ளே காலியிடம் இருப்பதுபோலச் சத்தம் வந்தது. திறக்கச் சொன்னார். சவரி சாவியைப் போட்டுத் திருப்பினான், பூட்டு திறந்தது, கதவு வரவில்லை. காவலர் இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள யாருய்யா?"

என் பெயரில் செய்த மூடி, என் பொறுப்பு என்று சொல்லி வாங்கிய தாழ்ப்பாள். அப்போது உள்ளே தாழ் விலகும் ஓசை கேட்டது. கதவு மேலே எழும்பியது. வியர்வையில் நனைந்த சட்டையும் கழுத்தில் ஹெட்ஃபோனுமாக ஜோஸ்லின் ஒலிப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள், அப்புறம்தான் போலீஸ்காரரை.

காவலர்கள் எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தார்கள். பலகைக்குக் கீழே கேபிளைத் தவிர ஒன்றுமில்லை. சரக்கு ஏற்றும் இடத்தில் ஆளை ஏற்றலாமா, ஒரு லாரி இடித்தால் என்ன ஆகும் என்று அவர்களில் மூத்த காவலர் சவரியைப் பிடிபிடி என்று பிடித்தார். என்னிடம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார். அத்தை என்றேன். "அத்தைக்கே தெரியாதா?" என்றார். பெண்ணை முன்னால் உட்கார வைத்து ஓட்டச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தடியில் சவரி வண்டியை நிறுத்தினான். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஜோஸ்லின்தான் சொன்னாள். அம்மா இறந்த வருடத்திலிருந்தே அவள் அப்பாவோடு போகிறாளாம்; ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை இயக்குவது அவள்தானாம், சில ஊர்களில் அவள் வந்தால்தான் செட்டே எடுக்கிறார்களாம். என் பிரெஞ்சு வகுப்புக்கு ஒரே ஒரு நாள்தான் போயிருக்கிறாள். "திருவிழா முடியறதுக்கு விடிஞ்சிடும் அத்தை. ஆம்பளைங்க மேடைக்கு அடியிலயே படுத்துடுவாங்க. நான் எங்க படுக்கறது? துணி மாத்தக்கூட எடமில்ல. தாப்பாள் நான்தான் கேட்டேன்" என்றாள். தெருமுனை தாண்டியதும் முன்சீட்டுக்கு வந்துவிடலாம் என்று எனக்குத் தெரியாமல் மூடிக்குள் ஏறியிருந்தாளாம்; நான் கடைசி நிமிடத்தில் முன்னால் ஏறிவிட்டதால் இறங்க வழியில்லாமல் உள்ளேயே அடைந்து கிடந்திருக்கிறாள். அந்தச் சல்லடை மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

"எங்கிட்ட சொன்னா என்ன?" என்று சவரியைக் கேட்டேன்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினான். "நீ மூடி போடறதுக்கு வரலக்கா. இவள கூட்டினு போவத்தான் வந்திருக்கன்னு எனக்கு ஃபோன்லயே தெரிஞ்சிபோச்சு. பொண்ணு வண்டியில படுத்துத் தூங்குறான்னு சொன்னா அன்னிக்கே டிக்கெட் போட்டிருப்ப. நீ சொல்லு, போட்டிருக்க மாட்டியா?"

போட்டிருப்பேன். நீ சாராயம் கடத்துகிறாய் என்று நினைத்தேன் என்பதை நான் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. "பலகையத் தூக்கிப் பாத்தல்ல?" என்று மட்டும் கேட்டான். அவன் அடுக்கி வைத்த கேபிள் சுருள்களை நான் வேறு விதமாகத் திருப்பி அடுக்கியிருந்தேனாம்.

திங்கட்கிழமை நானும் ஜோஸ்லினும் குணாவிடம் போனோம். கூரையில் ஒரு சிறிய மின்விசிறி, உள்ளே ஒரு விளக்கு, பாய்க்குப் பதில் மடக்குக் கட்டில் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் அளவெடுத்தார். எதற்கு என்று அவளே விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், ஆனாலும் பின்கதவை ஒருதரம் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருப்பதில்லை என்று அப்பாவும் மகளும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே பிரான்சில் உட்கார்ந்துகொண்டு அவள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், முன்சீட்டில் அவள் தலை தெரிகிறதா என்று. அவளை என்னோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டேனா என்று கேட்டால், வாயால் நிறுத்திவிட்டேன் என்றுதான் சொல்ல முடியும்.

நான் புறப்படுவதற்கு முந்தின வாரம் வில்லியனூருக்கு அப்பால் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு மூன்று பேரும் முன்சீட்டில் போனோம். பொழுது சாயும் நேரம். மூடியின் பின்கதவைத் தூக்கி நிறுத்தி, அதன் நிழலில் ஜோஸ்லின் மிக்சரை வைத்துக்கொண்டு மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஊர்த்தலைவரிடம் என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பொன்னாடை போர்த்த வேண்டும் என்று வந்து நின்றார். 'பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்திருக்கும்' என்று சேர்த்து அறிவிக்கச் சொன்னார், ஊருக்குப் பெருமையாம். சவரி கேபிளைச் சுற்றிக்கொண்டே, "உப்பளம்னு சொல்லு பாப்பா" என்றான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஜோஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் எதையாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய், எந்த ஊரையும் சேர்க்காமல், "எங்க அத்தை மதலேன்" என்று மட்டும் அழைத்தாள். மேடைப் பக்கத்துப் பெட்டியிலிருந்து என் பெயர் வந்தது. நான் எழுந்து நிற்பதற்குள், ஏரிக்கரையில் கட்டியிருந்த குழாயிலிருந்து அதே பெயர் இன்னொரு முறை வந்தது, சற்றுத் தாமதமாக, வேறு யாரையோ கூப்பிடுவதுபோல. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவதென்று தெரியாமல் கையைக் கூப்பியபடி நின்றேன்.