ஓ.டி. நிற்கக் கூடாது என்று ஜெபித்தேன்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, வீடு கிடைத்த சாட்சிகளை இந்தச் சபையில் நிறைய கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது வீடு கிடைக்காத சாட்சி.

என் கணவர் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார். போன வருடம் வல்லம் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். பார்த்ததுமே மனம் அதில் ஒட்டிக்கொண்டது. நிலைவாசலில் ஜெப எண்ணெய் பூசி, "ஆண்டவரே, இது எங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடன் நமக்குத் தாங்குமா என்று யோசிக்கவே இல்லை. அத்தனை அவசரம் எனக்கு.

சம்பள ரசீதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கடனைத் தருவதாக வங்கியில் சொன்னார்கள். அந்த ரசீதில் பெரும்பங்கு ஓ.டி. பணம், கூடுதல் நேரம் வேலை செய்வதற்குக் கிடைப்பது. எங்கள் பக்கத்தில் ஓ.டி.யையும் சேர்த்துத்தான் சம்பளம் என்போம். பெண் கேட்டுப் போகிற இடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்.

கணவர் மட்டும் தயங்கினார். "ஓ.டி. இன்னிக்கு கீது. நாளைக்கு இல்லன்னா இன்னா பண்றது, மேரி?"

"அதுக்குத்தான் ஜெபம் பண்ணிக்கினு கீறேன். நீங்க வாய வச்சிக்கினு சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டேன்.

அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றுதான். ஓ.டி. நிற்கக் கூடாது. அவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். சாப்பிடும்போதே கண் சொக்கும். நான் அதைப் பார்த்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முன்பணம் கொடுக்க வேண்டிய வாரத்தில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். நான் ஆடிப்போனேன். கர்த்தர் கைவிட்டார் என்று அழுதேன். சபைக்கு வரவும் பிடிக்கவில்லை.

பிறகு வெறும் சம்பளத்தை வைத்து இருவரும் கணக்குப் போட்டோம். பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து, வீட்டுச் செலவு. இதோடு தவணையும் கட்டினால் அரிசிக்கே கடன் வாங்க வேண்டும்.

"கையெழுத்து போட்டிருந்தா மாட்டிக்கினு இருப்போம்" என்றார் அவர். எவ்வளவு தருவார்கள் என்று விசாரித்தேனே தவிர, எங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

எங்கள் மகள் ஜெனி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே அப்பா ஞாயித்துக்கெழம வேலைக்குப் போவ மாட்டாராம்மா?"

"போவ மாட்டாரு."

"நான்தாம்மா ஜெபம் பண்ணேன். அப்பா நம்மகூட சர்ச்சுக்கு வரணும்னு."

ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஜெபங்கள் போயிருக்கின்றன. கர்த்தர் அவளுடையதைக் கேட்டார். அதனால் நான் தப்பினேன்.

இன்னமும் வாடகை வீடுதான். மாதக் கடைசியில் கை கடிக்கிறது. அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. வீடு தேடுகிறவர்களே, ஓ.டி.யைத் தள்ளிவிட்டு, எவ்வளவு தாங்கும் என்று முதலில் பாருங்கள். பிறகு வீடு பார்க்கப் போங்கள். கர்த்தர் இல்லை என்று சொன்னாலும் அவரை நம்புங்கள்.

ஆண்கள் பக்கம் பாருங்கள், என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஞாயிறும் வந்திருக்கிறார். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.