இடம்புரி நட்டு

கொடிகாமத்தில் பெரிய வீதி ஓரமாக எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. ஏலத்தில் போகும் பழைய ஆமி ட்ரக்குகளை வாங்கி வெங்காயம் ஏற்றுகிறவர்கள் சில்லுக் கழற்ற என்னிடம்தான் வருவார்கள். அந்த ட்ரக்குகளில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடம்புரி. மற்ற வாகனங்களில் இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் இவை கழலும். தெரியாதவர்களுக்காக, நட்டு ஏறுகிற ஆணியின் முனையில் ஓர் அடையாளம் பொறித்திருக்கும். ஆமிக்காரர் அதற்கு மேலேயே பச்சைப் பெயின்ற்றைத் தடிப்பாக அப்பிவிடுவார்கள்.

போன மாசி மாதம், ஒரு மத்தியானம், அப்படியொரு ட்ரக் இடப்பக்கச் சில்லில் காற்றுப் போய் என் வாசலில் நின்றது. இறங்கியவன் ஒரு சிப்பாய். தனியாள், இருபத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணை, அம்மாக்கு கடும் வருத்தம். லீவு கிடைச்சது. லொறி கேம்ப்ல குடுத்துத்தான் போறது. மூணு மணி பஸ்" என்றான், தெரிந்த தமிழில். அந்த பஸ்ஸை விட்டால் அவன் ஊருக்கு விடியும்வரை வேறு பஸ் இல்லை. வழக்கமாகத் தண்ணி ஏற்றுகிற புது பவுசர் ஓட்டுகிறவனாம். இந்தக் கிழட்டு ட்ரக்கை அன்றுதான் கொடுத்திருந்தார்கள்.

ஸ்பானரைப் போட்டு, எல்லோரும் திருப்புகிற பக்கம் திருப்பினான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

என் அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்து, கோப்பாயிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா காரின் பின்சீற்றிலேயே முடிந்துபோனார். இவன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் நீளப் பிடி ஸ்பானரைக் கொடுத்தேன். நட்டு அசையவில்லை. "நல்லாக் கறள் பிடிச்சிட்டுது தம்பி" என்று மண்ணெண்ணெய் ஊற்றி, கால்மணி நேரம் ஊறட்டும் என்றேன். அதற்குள் பிளேன்ரீயும் கொடுத்தேன். பிறகு நாலடி இரும்புப் பைப்பை எடுத்து வந்தேன்.

"இதைப் பிடியிலை கொழுவிப்போட்டு ஏறி நில்லு."

ஏறி நின்றான். ஆணி முறிந்து, அவன் தாரில் விழுந்து முழங்கை உரிந்தது. என் பைப் வளைந்துவிட்டதென்று என்னிடமே மன்னிப்புக் கேட்டான். இரண்டாவது பைப் கொடுத்தேன். எந்தச் சாமான் உதவாது என்று அவ்வளவு கவனமாக நான் என் கராஜில் ஒருநாளும் தேடியதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லி என்ன.

இடையில் அவனுடைய போன் மூன்று தரம் அடித்தது. சிங்களத்தில் கதைத்தான். எனக்கு விளங்கியது அம்மா என்ற சொல் மட்டும்தான்.

மூன்று மணி பஸ் ஹோன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அவன் பைப்பைப் பிடித்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஸ் வளைவில் மறைந்த பிறகு நான் கம்பி பிரஷ்ஷைக் கொண்டுபோய் ஆணி முனையைச் சுரண்டினேன்.

"அட, இது மற்றப் பக்கமெல்லோ!" என்றேன், அப்போதுதான் கண்டவன் மாதிரி.

பைப்பை மற்றப் பக்கம் அமத்தினேன். மிச்ச நட்டுகள் பத்து நிமிடத்தில் கழன்றன. அவன் என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னான்.

சித்திரை முடிய ஒருநாள் திரும்பவும் வந்தான். கையில் ஒரு பார்சல்.

"அம்மா அடுத்த நாள் காலம நாலு மணி போயிட்டாங்க. கடைசி வரைக்கும் என்னைக் கேட்டாங்களாம். நான் போனது பதினொரு மணி" என்றான். பிறகு பார்சலை நீட்டினான். "அம்மாட மூணு மாசத் தானம் குடுத்தது. எண்ணெய்ப் பணியாரம். அண்டைக்கு ரோட்டுல எவ்வளவு பேர் போனது, ஒருத்தரும் நிக்கல. நீங்க மட்டும்தான் அண்ணை உதவி செஞ்சது."

ஒன்றைத் தன் முன்னாலேயே சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது.