தீபாவளி ஆட்டின் மிச்சம்

சவூதியில், ஜுபைலில் எங்கள் கம்பெனி கேம்ப்பில் ஆடு அறுக்கக் கூடாது. அந்த வருடம் தீபாவளி வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. விடுமுறை நாள், சும்மா இருக்க முடியுமா? ரூமில் இருந்த ஆறு பேரும் போய் கேம்ப் பாஸிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினோம். மனிதர் இரங்கினார். "அறுத்துக்கோ. ஆனா வேஸ்ட் ஒண்ணும் இங்க இருக்கக் கூடாது. ஸ்மெல் வந்துச்சு, கலாஸ், அதோட முடிஞ்சுது" என்றார்.

ஊரில் ஆட்டில் மிச்சம் என்று எதுவும் விழாது. தோலை வாங்க ஆள் வருவான், மற்றதை நாயும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். இங்கே தலை, கால், குடல், ரத்தம் எல்லாம் சட்டிக்குப் போன பிறகும் தோல், கொம்பு, குளம்பு, இரைப்பையிலிருந்து பிதுக்கிய சாணம் என்று ஒரு மூட்டை தேறியது. மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெரிய குப்பைத்தொட்டியில் வீசிவிடலாம் என்றான் ஒருவன். மணலைப் பறித்து மூடிவிடலாம் என்றான் இன்னொருவன். தொட்டியில் போட்டால் ஈ மொய்க்கும், அரை முழம் தோண்டிப் புதைத்தால் நாய் கிளறும் என்று நான்தான் சொன்னேன். தோலில் உப்பைத் தடவிச் சுருட்டி, எல்லாவற்றையும் இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டி, டவுனுக்கு வெளியே இருக்கும் அறுப்புக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவைப் போட அங்கே தனி இடம் இருக்கிறது.

எந்த வேலை யாருக்கு என்று காலையிலேயே சீட்டுக் குலுக்கியிருந்தோம். எனக்கு வெங்காயம் உரிப்பது. மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டும் சீட்டு, எங்களில் இளையவனான வெல்டருக்கு விழுந்திருந்தது. அவன் மூட்டையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"நீங்களே போயிட்டு வந்துருங்களேன்ணே. உங்க தெருவுல இதெல்லாம் பழக்கந்தானே?"

என் தெருவைப் பற்றி அந்த ரூமில் நான் வாயே திறந்ததில்லை. ஊரில் மாடு செத்தால் தூக்கக் கூப்பிடுவது எங்கள் தெருவைத்தான். என் அப்பா தூக்கியிருக்கிறார். அது என் தோளுக்கு வரக் கூடாது என்றுதான் ஐடிஐயில் பைப் ஃபிட்டர் படித்தேன், கடல் தாண்டியும் வந்தேன். இந்த ரூமில் ஆறு பேரும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டோம். வயதில் மூத்தவன் அண்ணே, மற்றவனெல்லாம் மாப்ள. ஊரில் என் வீட்டு வாசலை மிதிக்காத பக்கத்து ஊர்க்காரன்கூட இங்கே என்னை மாப்ள என்றான். அந்த ஒரு சொல்லுக்காக ஊருக்குப் போகும் லீவை இரண்டு தடவை தள்ளிப்போட்டிருக்கிறேன். அவ்வளவு முட்டாள் நான்.

என் தெரு தெரிந்தவன் அந்தப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்தான். அவனைப் பார்த்தேன். இஞ்சியை நசுக்கிக்கொண்டே இருந்தான், அது எப்போதோ விழுதாகிவிட்டிருந்தது.

சீட்டு உனக்குத்தானே விழுந்தது என்று வெல்டரைக் கேட்க ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. எனக்கும் எழவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூட்டையைக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரத்தம் சிந்திய இடத்தில் டெட்டால் ஊற்றித் தேய்த்தேன். கேம்ப் பிக்கப் ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணியர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அகேலா, பாய்?" என்று கேட்டார். ஆமாம், தனியாகத்தான் என்று தலையாட்டினேன். அவர் இறங்கி வந்து மூட்டையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். அறுப்புக்கூடத்தில் கொட்டிவிட்டு வந்ததும் தன் கேனிலிருந்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அழுகை வந்தது, முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது எனக்கென்று ஒரு தட்டு தயாராக இருந்தது. "முழு ஈரலும் உனக்குத்தான் மாப்ள" என்றான் பக்கத்து ஊர்க்காரன். அவனை வெளியே கூப்பிட்டேன்.

"நீதான் சொன்னியா?"

"பேச்சுவாக்குல வந்துருச்சு மாப்ள. அதுக்கு இப்ப என்ன? யாரு இங்க அதெல்லாம் பாக்குறா? பாத்திருந்தா உன்கூட ஒரே தட்டுல உக்காருவோமா?"

உண்மையாகவே நம்பித்தான் சொன்னான். அவன் முகத்தில் துளி வருத்தமில்லை. உள்ளே போய் ஈரலைத் தின்றேன். பசி.

அடுத்த மாதம் டூட்டிக்குப் போக வசதி என்று ஏதோ சாக்குச் சொல்லி வேறு கேம்ப்புக்கு மாறினேன். அங்கேயும் தமிழர்கள்தான், நல்ல மனிதர்கள். ஓடிவந்து பெட்டியை வாங்கி வைத்தார்கள், டீ போட்டுக் கொடுத்தார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் ஒருமுறைகூடப் போயிராத ஓர் ஊரின் பெயரைச் சொன்னேன்.