பறக்கிற தொரையின் ஆறு முகங்கள்

அந்தப் படத்தின் நாலாவது கதையை இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பறக்கத் தெரிந்த ஒரு வீரன் தாடி மழிக்காமல், தொப்பை தெரிய, நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பானா? கதை முடியும்வரை அவன் தரையைவிட்டு எழும்பவே இல்லை. என் மகன் இந்த மாதிரிப் படங்களைப் போனில் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போடுகிறான். என்னைக் கேட்டால் முதல் கதைக்கு நாலு போடுவேன், மூன்றாவதற்கு ஐந்து, நாலாவதற்கு ஒன்றும் கிடையாது. ஆனால் என்னை யாரும் கேட்பதில்லை. கேட்காமல் பேசும் பழக்கமும் எனக்கில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில், நாங்கள் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்களத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் வரும். அதில் வருகிற வீரன் கட்டைக் கால்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் போட்டிருப்பான். முதுகில் மஞ்சள் துணி பறக்கும். நெற்றியில் வெள்ளிப் பட்டி. எங்கள் தோட்டத்தை நடத்துகிற தொரையும் கட்டைக் கால்சட்டை, நீளக் காலுறையோடுதான் மலையைச் சுற்றிப்பார்க்க வருவார். ஆகவே இவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பறக்கிற தொரை. ஒரே வித்தியாசம், எங்கள் தொரை வந்தால் எல்லாரும் பயந்தார்கள். இந்தத் தொரை வந்தால் கெட்டவர்கள் மட்டும் பயந்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். என்னைச் சின்னம்மா பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு மகள், என்னைவிடச் சின்னவள், எனக்குத் தங்கச்சி. நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்து வளர்ந்தோம். அம்மா எப்போதாவது டவுனில் இருந்த டெலிபோன் கடைக்கு அழைப்பு எடுப்பாள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அந்தக் கறுப்புக் குழாயில் வருகிற குரலுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. சாப்பிட்டியா, படிக்கிறியா என்று அது கேட்கும். ஆம் என்று இரண்டு தடவை சொன்னதும் என்னிடம் பேச்சுத் தீர்ந்துவிடும். அதனால் பறக்கிற தொரையைப் பற்றிச் சொல்வேன். இந்த வாரம் யாரை அடித்தார், எந்தக் கட்டடத்தைத் தாங்கினார் என்று நான் சொல்லச் சொல்ல, அம்மா காசு தீரும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் போய் நாலைந்து வருடம் ஆனபிறகு ஒரு நாள், குவைத்திலிருந்து திரும்பிவந்த ஒரு பெண்ணிடம் அம்மா பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். சவர்க்காரம், தைலம், இனிப்பு, அடியில் ஊதா நிறக் கவுன் ஒன்று. கழுத்தில் வெள்ளைப் பின்னல் வைத்த கவுன். அதற்குள் சுற்றி ஒரு வீசீடி. அதன் உறையில், சத்தியமாக, மஞ்சள் துணியோடு பறக்கிற தொரை!

கவுன் என் தோளுக்கு மேல் இறங்கவில்லை. சின்னம்மா இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா மனசுல நீ இன்னும் அந்தக் குட்டிதாண்டி" என்று சொல்லி, அதைத் தங்கச்சிக்குப் போட்டுவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. எனக்கு வருத்தமே இல்லை. வீசீடி என் கையில் இருந்தது. அந்த வாரம் முழுக்க அதைப் பற்றி லயத்தில் பேசாத ஆளில்லை. பேசியது நான்தான். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அப்படி ஒரு வாரம் வாழ்க்கையில் எப்போதாவதுதான் கிடைக்கும்.

ஞாயிறு பின்னேரம் மாமா, அம்மாவின் தம்பி, டவுனிலிருந்து வீசீடி போடுகிற டெக் ஒன்றை வாடகைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் காம்பிராவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படம் தொடங்கியது. மெலிந்த, பெண்பிள்ளை முகமுள்ள ஒருவன் மஞ்சள் துணியோடு மழையில் பறந்து வந்தான். கண் மட்டும் முகத்தில் பாதி இருந்தது.

"யாருடி இது?" என்றான் பக்கத்துக் காம்பிராப் பையன்.

"தொரைதான்."

"தொரையா? காய்ச்சல்ல கெடந்த எங்க சித்தப்பா மாதிரி இருக்கான்!"

முகம் போகப்போகச் சரியாகும் என்று காத்திருந்தேன். சரியாகவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கதை முடிந்து இன்னொன்று தொடங்கியது. இப்போது வந்தவனுக்குக் கருங்கல்லில் வெட்டியதுபோலத் தாடை. மூன்றாவதில் நிறமே இல்லை, வெறும் பென்சில் கோடு. ஆனால் அந்தக் கோடு பறந்ததுபோல வேறு எவனும் பறக்கவில்லை. நாலாவது ஆளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்தாவதில் அவன் சின்னப் பையன். ஆறாவதில் நிழல் மட்டும்தான் வந்தது, முகத்தைக் காட்டவே இல்லை. பேச்சு என்ன மொழியென்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரே வீரனை ஆறு பேர் ஆறு விதமாக வரைந்து, ஆறு குட்டிக் கதைகளை ஒன்றாகக் கோத்த படம் அது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று தெரியாது.

"ஓங்கம்மாவுக்கு டூப்ளிகேட்டக் குடுத்து ஏமாத்திட்டாங்க. இதுல ஒருத்தங்கூட நெசத் தொரை இல்ல" என்றான் அந்தப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். நான் அழுதேன். தொரைக்காக அழவில்லை. அவ்வளவு தூரத்தில் அம்மா ஒரு கடைக்குப் போய், நான் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து, காசு கொடுத்து வாங்கி ஏமாந்திருக்கிறாள் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

சின்னம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆறுமுகச் சாமி மாதிரி இருக்கட்டுமே, அதுக்கு ஏன் அழுவுற?"

மாமாதான் எழுந்து நின்றார். "டேய், போன வருஷம் காமன் கூத்துல ரதியா வந்தது யாரு?"

"லொறி டிரைவர் மாமா."

"அதுக்கு முந்துன வருஷம்?"

"மாட்டுக்கார அண்ணே. மீசையக்கூட எடுக்காம வந்தாரு!"

"ரெண்டு பேரு கால்லயும் ஒங்கம்மா தண்ணி ஊத்திக் கும்புட்டாங்களா இல்லியா? மூஞ்சி வேறன்னு சொல்லி ரதிய வெரட்டி வுட்டாங்களா?"

பையன் இல்லை என்று தலையாட்டினான்.

"மூஞ்சியப் பாக்காதீங்கடா. உடுப்பப் பாருங்க. சேலையும் கிரீடமும் இருந்தா ரதி. மஞ்சத் துணி இருந்தா தொரை. உடுப்பு இருந்தா ஆளு இருக்கு. அவ்ளோதான்."

வருடாவருடம் மாசியில் ஆம்பிளைகள் ரதி வேடம் கட்டுகிற கூத்தைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதற்குமேல் மறுப்புச் சொல்ல இடமில்லை. எனக்கு முழுச் சம்மதம் இல்லை என்றாலும் அம்மா ஏமாறவில்லை என்று ஆனதே, அது போதும். அதன்பிறகு கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் நானே சொல்ல ஆரம்பித்தேன், உடுப்பைப் பார்க்கவேண்டும் என்று.

இரண்டு மூன்று மாதம் கழித்து அம்மா வருவதாகச் செய்தி வந்தது. அப்பாவும் மாமாவும் வேன் பிடித்துக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். நாங்கள் கோயிலடி வளைவில் காத்து நின்றோம். மழை விட்டு, மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்த நல்ல உடுப்பு பள்ளிக்கூடச் சட்டைதான். அதைத் தோய்த்துப் போட்டிருந்தேன். தங்கச்சிக்குச் சின்னம்மா அந்த ஊதாக் கவுனைப் போட்டிருந்தாள். பெரியம்மா வாங்கி அனுப்பியதைப் பெரியம்மா பார்க்கவேண்டாமா?

வேன் வந்து நின்றது. முழுதாக நிற்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். கன்னம் உப்பி, வெளுத்து, தலைமயிரைத் தோளோடு வெட்டியிருந்தாள். நான் மனதில் வைத்திருந்த முகம் அதில் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் எங்களை நோக்கி ஓடிவந்தாள். என்னை இடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அவள் கைப்பை என் தோளில் பட்டது.

ஈரத் தரையில் முட்டி போட்டுத் தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள்.

"எம் மகளே! கொஞ்சங்கூட மாறலியேடி நீ!"

தங்கச்சி பயந்து, "அம்மா! அம்மா!" என்று அலறினாள்.

"ஆமாண்டி, அம்மாதாண்டி. அம்மா வந்துட்டேன்டி" என்று அவள் முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள்.

மாமா தலையில் பெட்டியோடு அப்படியே நின்றார். அப்பா தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் சின்னம்மாதான், பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அக்கா... அது எம் மகக்கா. ஒம் மக அந்தா நிக்கிறா."

அம்மாவின் கை தானாக விலகியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பார்த்த எந்தப் படத்திலும் எந்த முகமும் அப்படி மாறியதில்லை. எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். கட்டிக்கொள்ளவில்லை. தொடலாமா என்று தெரியாதவள்போலக் கையைப் பாதியில் வைத்துக்கொண்டு, "நீயா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. மாமாவின் மேல்தான் வந்தது. உடுப்பைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. அம்மா அதன்படியே செய்திருக்கிறாள். அந்த நியாயம் தப்பென்று எனக்கு அப்போதே பட்டது, நான்தான் எடுத்துச் சொல்லவில்லை என்று குமைந்துகொண்டிருந்தேன். பிறகு பல நாள் மாமாவோடு நான் பேசவில்லை. காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பொழுது சாயும்போது லயமே எங்கள் காம்பிராவில் கூடியது. இனிப்பு கை மாறியது. எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே பேசினார்கள். தங்கச்சி கவுனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சின்னம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். அம்மா சுவரோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, "ஓந் தொரையப் போடு, பாப்போம்" என்றாள். மாமா திரும்பவும் ஓடிப்போய் டெக் கொண்டுவந்தார்.

அன்றுதான் அந்தப் படம் எங்களுக்குப் பேசியது. அது அரபு மொழி. அம்மாவுக்கு அது தெரியும் என்பதே எங்களுக்கு அதிர்ச்சி. தொரை வாயைத் திறக்கும்போதெல்லாம் அம்மா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் சண்டை என்று நினைத்த இடம் பகிடியாக இருந்தது. பகிடி என்று சிரித்த இடத்தில் யாரோ செத்துப்போயிருந்தார்கள். நாலாவது கதையில் அந்தத் தொப்பைக்காரன் சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"அவன் என்னங்கக்கா சொல்றான்?" என்றாள் பக்கத்து வீட்டம்மா.

"'ராத்திரி மட்டும் கொஞ்சம் தூங்க வுடுங்க, காலையில எந்திரிச்சு வேலைய ஆரம்பிக்கிறேன்'ங்கிறான்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

நான் அவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது கதையில் அவள் கை வந்து என் தாடையைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் திருப்பியது.

"அம்மா, படம் தெரியல" என்றேன்.

"நீ பாரு, நீ பாரு" என்று விட்டுவிட்டாள். ஆனாலும் ஓரக்கண்ணால் நான் கவனித்தேன். தொலைக்காட்சி வெளிச்சம் அவள் கன்னத்தில்தான் விழுந்தது, கண்ணில் விழவில்லை. காதால் மட்டும் கேட்டு எல்லாருக்கும் கதை சொன்னாளே தவிர, ஆறு தொரையில் ஒருவனைக்கூட அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் நெற்றியையும் மூக்கையும் காதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப்போலவே அம்மாவுக்கும் இந்தப் படம் பிடிக்கவில்லை என்று நான் முடிவுசெய்தேன். அந்தச் சந்தோஷத்தில் இடைவெளியைக் குறைத்து அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.