ருக்மணி அக்காவின் கிணற்றில் நான் ஏற்றிய சிவப்பு

அந்தக் கிணற்றுநீரைச் சிவப்பாக்கியவன் நான். சாயப்பட்டறைக்காரர்கள் அதைக் கெடுத்தார்கள், அது உண்மை. ஆனால், ஊரே பார்த்துப் பதறிய அந்த ரத்தச் சிவப்பு என் கைவேலை!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறதோ என்னவோ...

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் பனியன்களைப் படமெடுப்பது என் தொழில். துணியின் நிறமும் படத்தின் நிறமும் இம்மியும் மாறக்கூடாது. அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த வேலையின் அலுப்பைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு வெளியே கிளம்புவேன். குளம், பனைமரம், மாலை வானம்... வீட்டுக்கு வந்ததும் கணினியில் சாச்சுரேஷனை, அதாவது நிறங்களின் அடர்த்தியை, கூட்டிவிடுவேன். வெளிறிய வானம் தீப்பிடிக்கும். காய்ந்த சோளக்காடு பச்சைப்பசேல் என்று மாறும். முகநூலில் ஆகா ஓகோ என்பார்கள். யாருக்கு என்ன கெடுதல்? அப்படித்தான் நினைத்தேன்.

ருக்மணி அக்கா எங்கள் ஊர்க்காரர். கணவர் இறந்தபின் தனியாளாகத் தோட்டம் பார்த்துவந்தார். பட்டறைக் கழிவு ஓடை வழியாக இறங்கி, அவர் கிணற்றில் ஊறியது. மாடுகள் அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. புகார் கொடுக்கப் படம் வேண்டும் என்று என்னை அழைத்தார்.

போய்ப் பார்த்தேன். வெற்றிலை போட்டவர் வாய் கொப்பளித்த நீரைப்போல லேசான செம்மை. கண்ணுக்குத் தெரிந்தது. படத்திலோ வெறும் கலங்கல்தான் விழுந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு, வெள்ளைத்துணி முன்னால் வைத்து எடுத்திருக்கலாம். தொழில் தெரிந்தவனுக்கு அது ஒரு வேலையா? ஆனால், சோம்பல்... அதைவிடப் பெரிதாக ஓர் ஆசை. பார்த்தவர்கள் திடுக்கிட வேண்டும், என் பெயர் பேசப்பட வேண்டும்! சாச்சுரேஷனை ஏற்றினேன். போதவில்லை. சிவப்பை மட்டும் தனியே இன்னும் ஏற்றினேன்.

செல்போனில் படத்தைக் காட்டியபோது அக்கா தயங்கினார்.

“ஏங்கண்ணு, இத்தன செவப்பாவா இருந்துச்சு?”

“நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கேமராவுக்குத் தெரியுங்க்கா.”

நம்பிவிட்டார். படித்தவன், படமெடுக்கிறவன் சொன்னால் நம்பமாட்டாரா?

படம் ஊர் ஊராகப் பரவியது. அதிகாரிகள் வந்து கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குள் ஒரு மழை பெய்திருந்தது. பட்டறைக்காரர்களும் கழிவு விடுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருப்பார்கள்போல. தண்ணீர் தெளிந்து கிடந்தது. பிறகு சமுதாயக் கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். பட்டறை மேலாளர் என் படத்தைத் தூக்கிப்பிடித்துச் சிரித்தார்.

“பட்டறைக்குள்ளயே இந்தக் கலர் வராதுங்க. ஒண்ணு, படத்துல கைவெச்சிருக்கோணும். இல்லீனா கெணத்துல சாயப்பொடியக் கொட்டிப்போட்டு எடுத்திருக்கோணும். ரெண்டுல எதுங்க?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். அவர் முகத்தில் துளி பயமில்லை.

“நீ சொல்லு கண்ணு.”

அந்தக் கூட்டத்தில் என் நிறுவனத்து ஆட்கள் இருவர் நின்றிருந்தார்கள். நிறத்தில் கைவைப்பவன் என்று தெரிந்தால் நாளை எனக்கு யார் வேலை தருவார்கள்? அந்த ஒரு நொடியில் நான் நினைத்தது இதை மட்டுமே. கிணற்றையும் நினைக்கவில்லை. அவரையும் நினைக்கவில்லை.

“எடுத்தது எடுத்தபடிதானுங்க” என்றேன்.

ஆகவே, பொடி கொட்டியவர் அக்கா என்றாயிற்று! புகாரை மூடிவிட்டார்கள். சில வாரங்களில் பழைய செம்மை கிணற்றுக்குத் திரும்பியது. இம்முறை அவர் யாரைக் கூப்பிட்டும் எவரும் எட்டிப்பார்க்கவில்லை.

அவர் என்மேல் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது. கொடுமை என்னவென்றால், அவர் என்னை முழுக்க நம்பினார்! படம் பொய் சொல்லவில்லை, தானும் பொடி கொட்டவில்லை... அப்படியானால் கொட்டியது யார்? இரவும் பகலும் யோசித்து, கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தனார்மேல் சந்தேகத்தை நிறுத்திவிட்டார். வரப்புத் தகராறில் எப்போதோ அந்தக் கொழுந்தனார் கோபமாகப் பேசியது அக்காவின் நினைவுக்கு வந்திருக்கிறது.

“அவன்தான் கண்ணு. எம்பட கெணத்துக்குள்ள எறங்கற தைரியம் வேற ஆருக்கு வரும்? அவம் புள்ளைய இடுப்புல தூக்கி வளத்தேனே...”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “விடுங்க்கா” என்றேன். ஆறுதல் சொல்லிவிட்டேனாம்... சீ!

அக்கா காரணம் சொல்லாமலே அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

போன தை மாதம் அந்தக் கொழுந்தனாரின் மகளுக்குக் கல்யாணம். படமெடுக்க என்னைத்தான் அழைத்திருந்தார்கள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. குடும்பப் படத்துக்கு எல்லோரும் மேடையில் கூடியபோது, மணப்பெண் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“இருங்கண்ணா, பெரியம்மா வரட்டும். எம்மேல அவங்களுக்கு என்ன கோவம்? வந்துருவாங்க.”

காத்திருந்தோம். பெண் தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா மேடையிலிருந்து இறங்கி என்னருகே வந்தார்.

“ஏனுங்க தம்பி, நீங்க அண்ணி ஊட்டுக்குப் போறவருதான... நாங்க என்ன தப்புங்க பண்ணுனோம்? ஏதாச்சும் சொன்னாங்களா?”

சொல்ல வேண்டிய பதில் என் ஒருவனிடம்தான் இருந்தது.

“தெரியலீங்க” என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மேடையேறினார். எல்லோரையும் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொல்லி, படத்தை எடுத்தேன்.