நூறு என்றால் எந்த நூறு

அக்கா இறந்தபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவளை "மீட்டர் அக்கா" என்றே சொன்னார்கள். புற்றுநோய் மருத்துவமனையில் கதிரியக்க அயோடினை அளந்து கொடுப்பது அவள் வேலை. தைராய்டை அறுத்து எடுத்தபின் உடம்பில் மிச்சமிருக்கும் நோயை எரிக்கும் மருந்து அது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "தம்பி, கொஞ்ச நேரம் எதுவும் கேக்காத" என்பாள். ஒருநாள் மட்டும் நான் கேட்காமலே சொன்னாள்.

அந்த மருந்தின் கதிர்வீச்சை அளக்க இரண்டு அளவுகள் உண்டு. க்யூரி பழையது. பெக்கரல் புதியது, வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். டாக்டர் மில்லிக்யூரியில் எழுதுவார், மருந்தை அளக்கும் மீட்டரும் அதிலேயே காட்டும். பழுது பார்க்கப் போய்த் திரும்பிய மீட்டர் மெகாபெக்கரலுக்கு மாறியிருந்தது. முப்பத்தேழு மெகாபெக்கரல் சேர்ந்தால்தான் ஒரு மில்லிக்யூரி. கூட வேலை பார்ப்பவர் விடுப்பில் போக, இரண்டு பேர் வேலையையும் அக்கா இழுத்துக்கொண்டிருந்த வாரம் அது. டாக்டர் எழுதியது நூறு. திரையில் தெரிந்ததும் நூறு. ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள், மருந்து குடித்தவளை வைத்திருந்த தனியறைக்குக் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு போனாள். கட்டிலில் இருந்தவள் கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். உடம்பில் கதிர்வீச்சு அடங்கும்வரை அதைத் தூக்கக் கூடாது. கருவியின் முள் லேசாக அசைந்ததோடு சரி.

"கொறஞ்சிடுச்சா? அப்போ வீட்டுக்குப் போலாமா?" அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"இருங்கம்மா, வந்துடறேன்."

நடந்ததை அக்கா சொன்னதும் டாக்டர் முதலில் சிரித்தார். "மீட்டர் அக்காவையே மீட்டர் ஏமாத்திடுச்சா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆபத்து ஒண்ணும் இல்ல. அனுப்பிடலாம். ஆறு மாசம் கழிச்சு, நோய் இன்னும் இருக்குன்னு சொல்லி மறுபடி குடுத்துக்கலாம்."

"ஆறு மாசம் அது சும்மா இருக்குமா சார்?"

அவர் பேனாவை மூடினார். "அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்க. திட்டும் நீங்களே வாங்கிக்குங்க."

அக்கா போய்ச் சொன்னாள். "நேத்து குடுத்தது பத்தலம்மா. தப்பு என்னோடது. நூறுதான், ஆனா வேற அளவுல நூறு."

"எனக்கு அதெல்லாம் புரியல. புள்ளைய எப்போ தூக்கலாம்?"

"மறுபடி குடிச்சா, மூணு வாரமாவது ஆகும்."

"வேலை நேரத்துல தூங்கிட்டா இருந்தீங்க?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாடு தொடப்படாமல் வெளியே வந்தது. சாயங்காலம் அவளாகவே அளக்கும் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சத்தமா படிங்க. எனக்குக் கேக்கணும்."

ஈயத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்கா படித்தாள். "மூவாயிரத்து எழுநூறு மெகாபெக்கரல்."

"நூறுன்னு சொன்னீங்க? இப்போ என்ன ஆயிரக்கணக்குல சொல்றீங்க?"

அக்கா மீட்டரில் அளவை மாற்றி, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "நூறு மில்லிக்யூரி. பாருங்கம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "கதவைச் சாத்திட்டுப் போங்க" என்றாள்.